ஆயுத பூஜைக்குள் ஒரு பூ

ஒரு பூ நண்பகலில் மூடிக்கொண்டால் அது தாகத்தில் சாகக் கிடக்கிறது என்று நான் நம்பினேன். ஐம்பத்திரண்டு வயதில், இரண்டு டிகிரியை பீரோவில் வைத்துக்கொண்டு, மனதார நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பூவுக்குப் பெயர் விஷ்ணுகிரந்தி. சட்டைப் பொத்தானில் முக்கால் அளவு இருக்கும். நல்ல நீலம். தண்டு நூல் மாதிரி, தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். இலையைத் தடவினால் பூனைக்குட்டியின் காதைத் தடவுவது போல இருக்கும். கல்லும் காரையுமாகக் கிடக்கும் இடத்தில், மழை எட்டிப் பார்க்காத மண்ணில், யாரையும் கேட்காமல் முளைத்துக்கொள்ளும். வறட்சியைத் தாங்கும் செடி என்பார்கள். வறட்சியைத் தாங்கும், சரி. என்னைத் தாங்குமா என்று அதுவரை யாரும் சோதித்ததில்லை.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு காலி சைட் இருந்தது. பழைய வீட்டை இடித்துவிட்டு, பங்காளித் தகராறில் பல வருடமாக அப்படியே போட்டிருந்தார்கள். பிரஷருக்காக டாக்டர் காலையில் நடக்கச் சொல்லியிருந்தார். நான் நடப்பதாகச் சொல்லிக் கிளம்பி, அந்த சைட்டின் உடைந்த சுவரில் உட்கார்ந்துவிடுவேன். எட்டு மணி வெயில் விழ விழ, ஒன்றிரண்டாக நீலம் திறக்கும்.

நான் பதறுகிற ரகம். கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியவன். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றபோது, வீட்டுக்கு போன் போட்டு இன்ஷூரன்ஸ் பேப்பர் எந்த டிராயரில் இருக்கிறது என்று சொன்னவன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு நாளில் பதறாமல் கழிகிற பத்து நிமிடம் உண்டென்றால், அது அந்தச் சுவரின் மேல்தான். இதை டாக்டரிடம் சொல்லவில்லை. நடந்துகொண்டிருக்கிறேன் என்றே சொல்லிவந்தேன்.

ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை அந்த சைட்டின் வாசலில் ஜேசிபி நின்றது. டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்கு ஓடி, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடினேன். கையில் கிடைத்தது தோசைத் திருப்பி. டிரைவர் டீயை முடிப்பதற்குள் பதினோரு செடிகளைத் தோண்டி எடுத்தேன். அவர் என்னைத் தடுக்கவில்லை. தோசைத் திருப்பியோடு மண்டி போட்டிருக்கும் நரைத்த தலைக்காரனை யாரும் தடுக்க மாட்டார்கள்.

நடுவதற்கு எங்கள் வீட்டில் இடம் இருந்தது. வாசல் படிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் மூன்றடி அகலத்தில் ஒரு மண் பட்டை. கேட்டுப் பக்கத்து மூலையில், பாத்ரூம் ரிப்பேரில் மிஞ்சிய ஜல்லியும் சிமெண்ட் உதிரலும் ஒரு குவியல். அதை ஒட்டி என் மனைவியின் ஸ்கூட்டர்.

அந்த மண் பட்டைக்கு ஏற்கெனவே நாள் குறித்திருந்தது. மே கடைசியில், பள்ளிக்கூடம் திறந்த வாரத்து மழையில் அங்கேதான் அவள் ஸ்கூட்டர் வழுக்கியது. முழங்காலில் அடி. பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் உட்கார்ந்தபடியே பாடம் நடத்தினாள். அந்த வாரமே மேஸ்திரியை வரவழைத்து அளவு எடுக்க வைத்துவிட்டாள். மொத்தத்துக்கும் டைல்ஸ். அவள் கேட்டதில் தவறே கிடையாது. வீங்கிய முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தவன் நான். எனக்குத் தெரியும்.

பதினோரு செடியோடு நான் வந்து நின்றபோது அவள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது?"

"விஷ்ணுகிரந்தி."

"அது தெரியும். கணபதி பூஜைக்கு இருபத்தோரு பத்ரைன்னு இலை வாங்குறோமே, அதுல வருமே. அதை எதுக்கு இங்க கொண்டு வந்தீங்க? கையில என்ன, என் தோசைத் திருப்பியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், பத்து நிமிடம், ஜேசிபி. நான் எதைச் சொன்னாலும் ஜோக் என்று எடுத்துக்கொள்வது அவளுக்குப் பழக்கம். அன்றைக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

"சரி. ஆயுத பூஜை வரைக்கும் டைம். அதுக்குள்ள ஒரு பூ, ஒரே ஒரு பூ, என் கண்ணால பாக்கணும். இல்லேன்னா மேஸ்திரி வருவார். அடுத்த வருஷமும் என் வண்டிய சேத்துல நிறுத்தி பூஜை பண்ண மாட்டேன்."

"ஒரு பூவா? நூறு காட்டறேன்."

"ஒண்ணு போதும்" என்று வண்டியைக் கிளப்பினாள்.

அன்றே நட்டேன். வாரத்தில் மூன்று நாள் எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அது செடிகளின் துரதிர்ஷ்டம். செவ்வாய்க்கிழமை காலை இரண்டு செடிகளில் பூ திறந்தது. சைட்டிலிருந்தே மொட்டோடு வந்தவை. துள்ளிக் குதித்தேன். பன்னிரண்டரைக்கு மீட்டிங் முடிந்து வந்து பார்த்தால் இரண்டும் சுருட்டிக்கொண்டு, தலை தொங்கி, ஈரம் போன காகிதம் மாதிரி இருந்தன.

சைட்டில் நான் பார்த்ததெல்லாம் காலை எட்டு மணிப் பூ. மத்தியானம் அது என்ன செய்கிறது என்று பார்த்ததே இல்லை. இத்தனை வருடம் பார்த்தும் அதற்கு அரை நாள்தான் ட்யூட்டி, மறுநாள் வேறு பூ வந்து உட்காரும் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: சாகிறது, தண்ணீர் கொடு.

கொடுத்தேன். மறுநாளும் மத்தியானம் மூடியது. மறுநாளும் கொடுத்தேன். அதுவும் எந்தத் தண்ணீர்? போர் தண்ணீரில் உப்பு, செடிக்கு ஆகாது என்று சமையலுக்குப் பிடித்து வைத்திருந்த காவேரித் தண்ணீர். எங்கள் தெருவில் காவேரி ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். வியாழக்கிழமை சாயங்காலம் பருப்பு போடப் போனவள் குடத்தைத் தட்டிப் பார்த்தாள். குடம் கணீரென்றது.

"பருப்பு வேக வைக்கிற காவேரியைக் களைக்கு ஊத்தறீங்களா?"

"களை இல்லை. நோயாளி."

"நோயாளி யாருன்னு எனக்குத் தெரியும்."

பூ திறப்பதற்கு முன்பே பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறவள், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருந்தாள். அதற்குள் ஒரு செடியிலும் ஒரு பூ இல்லை. செவ்வாய்க்கிழமை எடுத்த போட்டோவை போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுத்தாள். "போட்டோவுல தாஜ்மஹால் கூடத்தான் வச்சிருக்கோம். வாசல்ல காட்டுங்க."

மூன்றாவது வாரம் இலைகள் மஞ்சளடித்தன. மஞ்சள் என்றால் சத்து இல்லை என்று முடிவு செய்து, அரிசி களைந்த தண்ணீரையும் சேர்த்து ஊற்றினேன். மணிக்கு ஒரு போட்டோ எடுத்தேன். ஒரு நாள் ஆபீஸ் மீட்டிங்கில் என் ஸ்கிரீனைக் காட்டச் சொன்னார்கள். காலாண்டுக் கணக்குக்குப் பதிலாக அழுகிக்கொண்டிருக்கும் ஒரு செடியின் பதினேழு படங்களை எல்லோரும் பார்த்தார்கள். மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இது நம்ம நார்த் ரீஜனா?" என்றார்.

ஜூன் முடிவதற்குள் ஏழு செடிகள் போய்விட்டன. வேரைப் பிடித்துத் தூக்கினால் கொழகொழவென்று கையோடு வந்தது. ஒவ்வொன்றையும், காய்ந்த காய்களும் தண்டுமாக, கேட்டு மூலையில் இருந்த ஜல்லிக் குவியலில் வீசினேன். புதிதாகக் கொண்டுவரலாம் என்று சைட்டுக்குப் போனேன். அங்கே இரண்டு ஆள் ஆழத்துக்குப் பள்ளம் இருந்தது. பள்ளத்துக்குள் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரும் சுவரும் இல்லை.

அப்போதுதான் எனக்குப் பிடிவாதம் பிடித்தது. அதுவரைக்கும் வேடிக்கையாக இருந்தது. இந்தப் பகுதியில் எனக்குத் தெரிந்து அந்தப் பூ மிச்சம் இருப்பது என் வாசலில், நாலு செடியில். அதுவும் மேஸ்திரி வருகிற வரைக்கும்தான். விடுவதில்லை என்று தீர்மானித்தேன். தீர்மானித்து, என்ன செய்வதென்று தெரியாமல், இன்னொரு குடம் ஊற்றினேன்.

கணபதி பண்டிகைக்கு முந்தின நாள் மார்க்கெட்டுக்குப் போனேன். எட்டாவது கிராஸ் தெரு பூராவும் மண் பிள்ளையார், எருக்க மாலை, வாழைக் கன்று. பத்ரை விற்பவர்கள் கோணியை விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இருபத்தோரு இலையையும் ஒரே கட்டாகக் கட்டி விற்பார்கள். இதில் விஷ்ணுகிரந்தியும் ஒன்று. சில சமயம் அதை வேரோடு பிடுங்கிக் கட்டிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் திட்டம் அதுதான். வேரோடு இருப்பது கிடைத்தால் கொண்டுபோய் நட்டுவிடலாம்.

ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன். மூன்றாவது கட்டைத் தொட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் தேடுற? உள்ள நகை எதுனா போட்டுட்டியா?"

"விஷ்ணுகிரந்தி. வேரோட வேணும்."

"இருபத்தொண்ணுல ஒண்ணு மட்டும் எடுத்துக்கினா மீதி இருபத வச்சிக்கினு நான் எந்தப் புள்ளையாருக்குப் போடறது?"

"வீட்டுல வளக்கறேம்மா. நாலுதான் மிச்சம் இருக்கு. அதுவும் வாடுது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி ஊத்தினியா?"

"தினமும்."

"எவ்ளோ?"

கையால் ஒரு குடம் காட்டினேன். அவர் பக்கத்துக் கோணிக்காரியைத் தட்டி, என்னைக் காட்டி, "யக்கா, இத கேளேன். விஷ்ணுகிரந்திக்கு டெய்லி ஒரு கொடம் ஊத்துறாராம்" என்றார். அந்த வரிசை முழுவதும் சிரிப்பு பரவியதை நான் பார்த்தேன். கடைசியில் உட்கார்ந்திருந்த எருக்க மாலைக்காரர் வரைக்கும் போயிற்று.

"நாங்க அத கல்லுல கெடந்து புடுங்கியாறோம் சார். மத்தியானம் போனா பூவே தெரியாது, மூடிக்கும். காலைல போனாத்தான் ஆப்புடும். அதுக்குப் போயி தண்ணி ஊத்துறியே, அது இன்னா தாமரையா?"

ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். விஷ்ணுகிரந்தி இருந்தது. வேர் இல்லை. ஆனால் வழியெல்லாம் என் காதில் ஒரே சொல்தான்: மூடிக்கும். நான் ஏழு செடிகளையும் கொன்றது, அவை செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்ததற்காக.

இதோடு மனிதன் அமைதியாகியிருக்க வேண்டும். எனக்கு விஷயம் தலைகீழாகப் போயிற்று. தண்ணீர் கொடுக்கவில்லையே என்ற பயம் போய், தண்ணீர் பட்டுவிடுமோ என்ற பயம் வந்தது. வந்தது எப்போது? பெங்களூரில் மழை பிடிக்கிற மாதத்தில். கணபதியைக் கரைத்த அன்று சாயங்காலமே வானம் கொட்டியது. நான் இரண்டு செங்கல்லையும் வீட்டில் இருந்த ஒரே நல்ல குடையையும் எடுத்துப் போய், நாலு செடிக்கும் மேலே விரித்து, காம்பைச் செங்கல்லுக்கு நடுவில் நிறுத்தினேன். காற்று குடையைத் திருப்பியது. பிடித்துக்கொண்டு நானே நின்றேன்.

எதிர்வீட்டு ரிடையர்டு சார் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். தீவிரமான முகத்தோடு, "ஏன் சார், கிடக்கே சத்ரினா?" என்று கன்னடத்தில் கேட்டார். செடிக்குக் குடையா என்று. ஆமாம் என்றேன். "நிமகே?" என்றார். எனக்கு எங்கே என்று. எனக்குக் குடை இல்லை. நனைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கும் தூறல். என் மனைவி பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அன்றைக்கு ஸ்கூட்டரை விட்டுவிட்டு பஸ்ஸில் போக வேண்டும். குடையைத் தேடினாள். கிடைத்தது.

"நான் நனைஞ்சிட்டுப் போறேன். அது நனையக் கூடாது, இல்ல?"

"இன்னும் ஒரு மாசம்தான்."

"எனக்கு இன்னும் ரிடையர்மெண்ட் வரைக்கும் சர்வீஸ் இருக்கு" என்று குடையைப் பிடுங்கி, உதறி, விரித்துக்கொண்டு போனாள். கேட்டுக்கு வெளியே போய்த் திரும்பிப் பார்த்து, "பழைய பாத்ரூம் கதவு பின்னாடி சாத்தியிருக்கு. அத வைங்க" என்றாள்.

கதவை வைத்தேன். கதவுக்கு அடியில் வெயிலே இல்லாமல் இரண்டு செடி வெளுத்துச் செத்தன. மூன்றாவதை நத்தை தின்றது. கதவை எடுத்துவிட்டேன். மிஞ்சிய ஒன்று உயிரோடு இருந்தது. சாகவும் இல்லை, பூக்கவும் இல்லை. ஒரு மொட்டு மட்டும் கொஞ்சம் முனை காட்டியது. அதன் மேல் எந்தக் கையும் படக்கூடாது என்று என் கைகளை நானே பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க ஆரம்பித்தேன். ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. சம்பளம் கேட்கலாம்.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு மேஸ்திரி மறுபடி அளக்க வந்தார். கிருஷ்ணகிரிக்காரர். டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு, செடியைப் பார்த்தார்.

"இதுக்கா சார் இத்தினி மாசம் வேலைய நிறுத்தி வச்சீங்க? எங்க ஊர்ல இதும் மேலதான் ஆடு படுத்துக்கும்."

"எங்க வீட்டுல ஆடு இல்லையே. நான்தான் இருக்கேன்."

"அதுவும் சரிதான்" என்று எழுதிக்கொண்டு போனார்.

ஆயுத பூஜை அன்று காலை ஆறு மணிக்கே போய்ப் பார்த்தேன். மொட்டு கீழே கிடந்தது. எறும்பா, மழையா, தெரியவில்லை. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒட்ட வைக்க முடியுமா என்று ஒரு கணம் யோசித்தேன். யோசித்ததை மறைக்கப் போவதில்லை. பிறகு உள்ளே போய் அவளிடம், "மேஸ்திரிக்கு போன் பண்ணிடு" என்றேன்.

அவள் சட்னியில் தாளிதம் கொட்டிவிட்டு, "ஒன்பது மணிக்கு வண்டி கழுவணும். பூசணிக்காய நீங்க உடைக்கணும்" என்றாள்.

தெரு முழுக்கப் பைப் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோ, கார், சைக்கிள், எல்லாவற்றுக்கும் குளியல். அவள் ஸ்கூட்டரைக் கழுவி, சந்தனம் வைத்து, மாலை போட்டாள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வண்டியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். நான் குங்குமம் அடைத்த பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி, கேட்டு ஓரத்தில் எறியக் குறி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருங்க! எறியாதீங்க!"

கை அப்படியே நின்றது. அவள் நல்ல முழங்காலைத் தரையில் ஊன்றி, ஜல்லிக் குவியலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வாங்க."

"பழம் உருண்டு போச்சா?"

"வாங்கன்னா."

பூசணிக்காயைத் தலையில் வைத்தபடியே போனேன். ஸ்கூட்டர் மறைத்து நின்ற இடத்தில், ஜல்லிக்கும் சிமெண்ட் உதிரலுக்கும் நடுவில், மெல்லிய தண்டுகள் படர்ந்திருந்தன. நட்ட செடிகளை விட்டு என் கண் இந்தப் பக்கம் வந்ததே இல்லை. பக்கத்திலேயே குட்டிக் குட்டியாக இன்னும் நாலைந்து நாற்று. தண்டில் ஆறு நீலப் பூ, விரியத் திறந்து.

"இதுவா?" என்றாள்.

"இதுதான்."

"இவ்ளோ சின்னதா?" என்று விரலால் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "இங்க தண்ணி ஊத்தினீங்களா?"

"இல்லை."

"சத்தியமா?"

"சத்தியமா. செத்துப் போனதைத்தான் இங்க எறிஞ்சேன். அதுல இருந்த விதை போல."

"அப்ப இது நீங்க வளத்தது இல்ல."

"நான்தானே எறிஞ்சேன்!"

"எறியறதெல்லாம் வளக்கறதா?"

"நீ கேட்டது, ஆயுத பூஜைக்குள்ள ஒரு பூ, உன் கண்ணால. எங்கன்னு சொல்லலியே. எண்ணிப் பாரு, அஞ்சு ஜாஸ்தியாவே இருக்கு."

அவள் எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். மண் பட்டையை ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் பார்த்தாள். "சேறு இருக்கிற இடம் பூராவும் டைல்ஸ். அதுல பேச்சே இல்ல. இந்த ஜல்லி இருக்கிற மூலைய மட்டும் விடச் சொல்றேன். நீங்க அங்க பைப்பத் தூக்கிட்டுப் போறதப் பாத்தேன்னா, அதுக்கும் போட்டுருவேன்."

பூசணிக்காயைத் தெருவுக்குக் கொண்டுபோய் உடைத்தேன்.

தசரா முடிந்து மேஸ்திரி வந்தார். சாம்பல் நிற டைல்ஸ் போட்டார். நான் நட்டதில் மிஞ்சிய அந்த ஒரு செடியைத் தோசைத் திருப்பியால் எடுத்து ஜல்லியில் வைத்தேன். அது நாலாம் நாள் செத்துப் போயிற்று. மூலையில் இரண்டடிக்கு இரண்டடி ஜல்லி அப்படியே இருக்கிறது. வண்டி ஓரடி தள்ளி நிற்கிறது. காலையில் எட்டு மணிக்குப் பூ திறக்கிறது, மத்தியானம் மூடிக்கொள்கிறது.